ஊர் ஊராகப் போகும் கோச்சை நம்பலாமா?

3 ஆகஸ்ட் 2025, குளச்சலிலிருந்து ஒரு வாசகர்

காலித் ஜமீலை இந்திய ஃபுட்பால் டீமுக்குக் கோச்சா போட்டாச்சு. எல்லாரும் சந்தோஷப்படுறாங்க. எனக்கு ஒரு சந்தேகம். ஐஸ்வால், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், நார்த்ஈஸ்ட், ஜாம்ஷெட்பூர்னு கிளப் கிளப்பா மாறி, ஒரு இடத்துல நிக்காத ஆள் அவர். எங்க பள்ளியிலயும் நாலு வருஷத்துல மூணு கோச் வந்தாங்க, போனாங்க. மூணு பேரும் முதல் நாள் கேட்டது ஒரே கேள்வி: "நீ எந்த பொசிஷன்?" ஒரு இடத்துல ரெண்டு வருஷம்கூட நிக்காத கோச்சை நம்பக்கூடாதுங்கிறது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க.

3 ஆகஸ்ட், இரவு, ஒரு கோச்சின் பதில்

24 வருஷமாகக் கோச் வேலை பார்க்கிறேன். இப்போது இருப்பது பதினோராவது இடம். மூன்று கடற்கரை ஊர், நாலு பள்ளி, கேரளத்தில் இரண்டு கிளப், கோவாவில் ஒரு அகாடமி, ஒரு கல்லூரி. தம்பி நம்பக்கூடாது என்று சொல்லும் ஆள் நான்தான். பதில் எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

முதலில் ஜமீல். அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. ஐஸ்வாலுக்கு முன்னால் அவர் மும்பை எஃப்.சி.யில் 2009 முதல் 2016 வரை ஏழு வருஷம் இருந்தார். பெரிய பணம் புரளாத கிளப் அது. ஏழு வருஷம் உழைத்த இடத்திலிருந்து வெளியே வந்து, அடுத்த சீசனிலேயே ஐஸ்வாலை ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் சாம்பியன் ஆக்கினார். அதற்கு முந்தின சீசனில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கி, பிறகு திரும்பவும் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி ஐஸ்வால். நின்றவரும் அவர்தான், அலைந்தவரும் அவர்தான். எந்த ஜமீலை நம்பக்கூடாது?

4 ஆகஸ்ட்

நேற்று கோபத்தில் எழுதினேன். இன்று நிதானமாக.

கோச் தானாகப் போகிறாரா, போகவைக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. நம் மாவட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஜூன் முதல் மார்ச் வரைதான் சம்பளம். ஏப்ரல், மே கிடையாது. ஆனால் இங்கே பந்து அதிகமாக உருளுவதே அந்த இரண்டு மாதம்தான். கோடை லீவு, ஊர்த் திருவிழா, லைட் போட்டு ராத்திரி டோர்னமென்ட். அதனால் ஏப்ரலில் ஏதாவது ஊர் அணிக்குப் போவோம். ஜூனில் பள்ளி திரும்பக் கூப்பிட்டால் உண்டு. கூப்பிடாவிட்டால் அது ஒரு 'இடமாற்றம்'.

ஊர் அணி என்றால் பங்குத்தந்தை, பங்குப்பேரவை, இளைஞர் மன்றம். ஃபாதருக்கு மாற்றல் வரும். புது ஃபாதர் வருவார், கமிட்டி மாறும், கமிட்டி மாறினால் கோச்சும் மாறுவார். இதில் யார் மேலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடைமுறை அப்படி.

அப்புறம் கடல். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதமும் பதினெட்டு தாண்டிய பையன்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். அணி என்ற ஒன்று உருவாகும். ஆகஸ்ட் 1 அன்று படகுகள் கடலில் இறங்கும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் போட்டுகள் போனால் முப்பது நாள், நாற்பது நாள். என் நண்பர் ஒருவர் நடத்தும் அணியில் போன வாரம் 32 பேர். நேற்று சாயங்காலம் 9 பேர். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு அவர் யாருக்குக் கோச்?

4 ஆகஸ்ட், இன்னொன்று

சம்பளம் என்றதும் ஞாபகம் வந்தது. பேலா குட்மன், புடாபெஸ்ட்காரர், போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்புக்கு 1961-லும் 1962-லும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ருமேனியாவில் ஒரு கிளப்பில் வேலை பார்த்தபோது, பணத்துக்குப் பதில் காய்கறியாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர். அவ்வளவு பஞ்சம்.

2003-ல் ஒரு ஊரில் எனக்கு ஒரு மாதச் சம்பளத்துக்குப் பதில் நெய்மீன் கொடுத்தார்கள். கமிட்டியில் காசு இல்லை, போட்டில் மீன் இருந்தது. ஐஸ் போட்ட பெட்டியோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிட்டார். மூன்றாவது பஸ்ஸில்தான் இடம் கிடைத்தது. வீட்டில் அம்மா ஒரு துண்டைக்கூட விற்கவிடவில்லை. தெரு முழுக்கக் கொடுத்தாள், "எம் மவனுக்க சம்பளம்" என்று சொல்லிச் சொல்லி.

7 ஆகஸ்ட்

"நீ எந்த பொசிஷன்?" என்ற கேள்வியைப் பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன். தம்பியின் கோபம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நியாயமான கோபம். ஆனால் ஒரு கோச்சுக்கு முதல் நாள் வேறு என்ன தெரியும்? நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

கடற்கரைப் பையன்களுக்குக் கணுக்கால் இரும்பு மாதிரி. மணலில் ஓடி ஓடி ஆடுசதை உருண்டிருக்கும். பந்தை நெஞ்சில் வாங்குவதும் தலையால் தட்டுவதும் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். குறை ஒன்றுதான். மணலில் பந்து உருளாது. அதனால் சின்ன வயதிலேயே கால்விரலைப் பந்துக்கு அடியில் விட்டுக் கோரி எடுத்துக் கொடுக்கப் பழகிவிடுவார்கள். அதே கால் புல்தரைக்கு வந்தால் ஒவ்வொரு பாஸும் முட்டி உயரத்தில் போகும். வாங்குகிறவன் அதை அடக்குவதற்குள் எதிராளி வந்து நிற்பான். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் நம் பையன்கள் திணறுவதைப் பார்த்து 'பயந்துட்டானுவ' என்று சொல்வார்கள். பயமில்லை. தரை வேறு, அவ்வளவுதான்.

இதற்கு நான் செய்வது: இரண்டு சவுக்கு மரக் கம்பு நட்டு, பழைய வலைக்கயிறு ஒன்றைக் கெண்டைக்கால் உயரத்தில் கட்டுவேன். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், நடுவில் எட்டு மீட்டர். பந்து கயிற்றுக்குக் கீழே போக வேண்டும். தட்டினால் கயிறு அதிரும், யார் தட்டியது என்று விசிலடித்துச் சொல்லத் தேவையில்லை. பாதத்தின் உட்பக்கத்தால், பந்தின் நடுவில், ஊன்றிய கால் பந்துக்குப் பக்கத்தில். முதல் நாள் ஐம்பதுக்கு முப்பது கயிற்றில் படும். மூன்று வாரம் போனால் ஐந்துக்குக் கீழே வரும். கயிறு கட்டத் தெரியாமல் நான் போட்ட முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது. பந்து பொறுக்க வந்த ஒரு பன்னிரண்டு வயசுப் பையன் "கோச்சே, தள்ளுங்க" என்று வாங்கி ஒரே சுற்றில் கட்டினான். அந்த முடிச்சைத்தான் இன்றும் போடுகிறேன்.

அந்த மணல்கூட இப்போது இல்லை. நான் 2002-ல் பயிற்சி கொடுத்த கரையில் கடலரிப்புக்குக் கல் போட்டிருக்கிறார்கள். ஒரு கோல் போஸ்ட் நின்ற இடத்தில் அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவின் கல். அலை வீட்டுக்குள் வராமல் இருக்க வேண்டுமே, கல் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும். பையன்கள் பள்ளிக்கூட மைதானம், கோயில் முற்றம், தென்னந்தோப்பு என்று போகிறார்கள். கோச் மட்டுமா அலைகிறான்.

10 ஆகஸ்ட்

"பெரிய கோச் யாராவது இப்படி அலைந்திருக்கிறாரா" என்று இங்கே இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

போரா மிலுட்டினோவிச். ஐந்து உலகக் கோப்பை, ஐந்து நாடு: 1986 மெக்சிகோ, 1990 கோஸ்டாரிகா, 1994 அமெரிக்கா, 1998 நைஜீரியா, 2002 சீனா. முதல் நான்கையும் குரூப் சுற்றைத் தாண்ட வைத்தார். ஜெர்மனியின் ரூடி குட்டென்டார்ஃப் 32 நாடுகளில் 55 அணிகள். கின்னஸ் பதிவு அது. நமக்கு வந்தவர்களில் பாப் ஹவுட்டன், ஸ்வீடனின் மால்மோ அணியை 1979-ல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். 2006-ல் இந்தியாவுக்கு வந்து, 2008-ல் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையை ஜெயிக்க வைத்து, 27 வருஷத்துக்குப் பிறகு 2011 ஆசியக் கோப்பையில் நம்மை ஆட வைத்தார். ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் இந்தியாவுக்கே இரண்டு தடவை வந்தார், நடுவில் மலாவி, சூடான், ருவாண்டா.

நமக்குப் பக்கத்து ஆள் டி.கே. சாத்துண்ணி, சாலக்குடிக்காரர், போன வருஷம் ஜூனில் காலமானார். கேரளா போலீஸ் 1990-ல் திருச்சூரில் ஃபெடரேஷன் கோப்பை வாங்கியதும், மோகன் பகான் 1997-98-ல் முதல் தடவை தேசிய லீக் வாங்கியதும் அவர் கையில். தமிழில் அவரைப் பற்றி நாலு பக்கம்கூட யாரும் எழுதிப் பார்க்கவில்லை. எனக்கு அது வருத்தம்.

10 ஆகஸ்ட், மதியம்

மேலே எழுதியதை வாசித்தேன். நான் வாதத்துக்கு ஆள் சேர்த்திருக்கிறேன். நேர்மையாகச் சொன்னால் மறுபக்கத்துக்கும் ஆள் உண்டு. சையது அப்துல் ரஹீம் 1950-லிருந்து 1963-ல் சாகும் வரை ஹைதராபாத் சிட்டி போலீஸையும் இந்திய அணியையும் விட்டு நகரவில்லை. 1951, 1962 ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். கடைசித் தங்கம் வாங்கும்போது அவருக்குப் புற்றுநோய். நின்றதால்தான் அந்தப் பையன்களின் ஒவ்வொரு காலும் அவருக்குத் தெரிந்திருந்தது. தம்பி கேட்பது அந்தத் தெரிதலைத்தான். பட்டியல் போட்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது.

15 ஆகஸ்ட்

லீவு நாள். வேறு ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

2012-ல் கேரளத்தில் ஒரு கிளப்பின் 18 வயசுக்கு உட்பட்டோர் அணிக்கு சீசன் நடுவில் போனேன். முந்தின கோச் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆபீஸில் கேட்டேன், பையன்களைப் பற்றி ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று. பிறந்த தேதி, ஜெர்ஸி சைஸ், அப்பா போன் நம்பர் இருந்த ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

இடது விங்கில் ஒரு பையன். நம்மூர்ப் பையன்தான், நான் தமிழில் பேசியதும் ஒட்டிக்கொண்டான். நாலு நாள் பயிற்சியில் பார்த்தேன். ஓட்டம் பிரமாதம். ஐந்தாம் நாள் மேட்ச். இருபது நிமிஷம் இருக்கும், பந்தை லைனோரமாகத் தள்ளிவிட்டு உள்ளே திரும்பினான். யாரும் தொடவில்லை. வலது கால் தரையில் நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. பெஞ்சிலிருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஈரக்கம்பை முறிக்கிற மாதிரி. அவன் கத்தவில்லை. உட்கார்ந்து முட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான், அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல.

ராத்திரி பழைய கோச்சுக்குப் போன் போட்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "அவனுக்கு முட்டி ரெண்டு மாசம் முன்ன போயிருந்ததே, உங்க கிட்ட யாரும் சொல்லலியா?"

ஏ.சி.எல். என்ற தசைநார் முட்டிக்குள் குறுக்காக ஓடுகிறது. அது போனாலும் வீக்கம் வடிந்த பிறகு நேராக ஓடலாம். நன்றாகவே ஓடலாம். திரும்பும்போதுதான் முட்டி கைவிடும். நான் நாலு நாளும் அவனை நேராக ஓடவிட்டுத்தான் பார்த்தேன். அவனும் வாய் திறக்கவில்லை, செலக்ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை மடங்கியதில் உள்ளே இருந்த ஜவ்வும் கிழிந்துபோனது.

பழைய கோச்சை நான் திட்டவில்லை. திட்ட வாயெடுத்தபோது ஒன்று உறைத்தது. அதுவரை நான் நாலு இடங்களை விட்டு வந்திருந்தேன். ஒரு இடத்திலும் ஒரு தாள்கூட எழுதி வைத்துவிட்டு வந்ததில்லை.

அன்றைக்கே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். அதிலிருந்து இடத்தை விடும்போதெல்லாம் அடுத்த கோச்சுக்கு ஒரு நோட்டு வைத்துவிட்டுத்தான் வருகிறேன்.

16 ஆகஸ்ட்

அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அவனைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. நன்றாக இருக்கிறான், பேசுவோம்.

2020 நவம்பர் 20 ராத்திரி அவன்தான் எனக்குப் போன் பண்ணினான். ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் சீசனின் முதல் ஆட்டம், கோவாவில், கேரளா பிளாஸ்டர்ஸும் ஏ.டி.கே. மோகன் பகானும். நம் இரவிபுத்தன்துறை சூசைராஜ் இறங்குகிறார் என்று இந்தக் கரையே டி.வி. முன்னால் இருந்தது. சென்னை சிட்டியில் அண்ணன் ரெஜினோடு ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், ஏ.டி.கே.யோடு முந்தின சீசன் கோப்பை வாங்கியவர். முதல் பாதி முடியும் முன்பே அவரை வெளியே கொண்டுபோனார்கள். அந்த சீசன் அவருக்கு அதோடு முடிந்தது. போனில் பையன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "கோச்சே, அவருக்குப் பக்கத்துல டாக்டர் இருக்காங்க, இல்லியா?" என்றான். இருக்கிறார்கள் மக்கா என்றேன்.

24 ஆகஸ்ட்

திருத்தம். 15-ஆம் தேதி எழுதியதில் ஒன்று பொய்யாகிவிட்டது.

நேற்று டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டுகளின் நகல்களைத் தேடினேன். முதல் நகலின் மேல் போட்டிருக்கும் தேதி ஜூன் 2015. 2012 இல்லை. அன்றைக்கே நோட்டு வாங்கினேன் என்பது உண்மை, அந்த நோட்டு இருக்கிறது. அதில் இரண்டு பக்கம் எழுதி அப்படியே விட்டிருக்கிறேன். 2013-ல் அந்தக் கிளப்பை விட்டபோது எதுவும் கொடுக்கவில்லை. 2014-ல் ஒரு பள்ளியை விட்டபோதும் கொடுக்கவில்லை. அதுவும் நவம்பரில், சீசன் நடுவில், கூடுதல் சம்பளம் கிடைத்தது என்று நானாகவே போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. பதினாலு வயசுப் பையன்கள் கேட்டில் நின்று "மறுபடி எப்ப வருவீங்க" என்று கேட்டார்கள். பொங்கலுக்கு வருகிறேன் என்றேன். போகவில்லை.

4-ஆம் தேதி எழுதியதையும் இதோடு சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள். கோச்சைப் போகவைக்கிறார்கள் என்று எழுதினேன். பதினோரு இடத்தில் இரண்டு இடத்தை நானே விட்டேன். தம்பியின் பள்ளிக்கு வந்த மூன்று பேரில் என்னை மாதிரி ஒருவர் இருந்திருக்கலாம்.

30 ஆகஸ்ட்

நோட்டில் என்ன எழுதுகிறேன் என்று நாகர்கோவிலிலிருந்து ஒரு இளம் கோச் கேட்கிறார். டி லைசன்ஸ் முடித்திருக்கிறாராம். லைசன்ஸ் வகுப்பில் பயிற்சித் திட்டம் எழுதச் சொல்லித்தருவார்கள், அது வேண்டியதுதான். இது வேறு.

ஒரு பையனுக்கு ஒரு பக்கம். மேலே உயரம், எடை. அதற்குக் கீழே இரண்டு தொடைச் சுற்றளவு, முட்டிச்சில்லுக்கு மேல் நாலு விரல் தள்ளி, டெய்லர் டேப் வைத்து. ஒரு தொடை இன்னொன்றைவிடத் தெளிவாக மெலிந்திருந்தால் அந்தக் காலில் பழைய காயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பிக்கலாம். பையன் ஒளிப்பான், தொடை ஒளிக்காது. சந்தேகம் என்றால் பிசியோவிடம் அனுப்ப வேண்டும், நாமே இழுத்துப் பார்க்கக் கூடாது. அப்புறம் எந்தக் கால், எந்தப் பக்கம் திரும்புவான், திட்டினால் ஆடுவானா சுருங்குவானா, சாப்பிட்டுவிட்டு வருகிறானா. கடைசியாக, வீட்டில் யாரிடம் பேச வேண்டும். நிறைய வீடுகளில் அப்பா கடலில் இருப்பார், முடிவு எடுப்பது பாட்டி.

இன்று பழைய நகல் ஒன்றைப் புரட்டினேன். 2017-18, ஒரு கடற்கரை ஊர். நவம்பர் வரை வரி வரியாக இருக்கிறது. 30-ஆம் தேதி ஒக்கி புயல். டிசம்பர் முழுக்க வெறும் தாள். அந்த மாதம் யாரும் பந்தைத் தொடவில்லை. மைதானத்தில் பந்தல் போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், போன் வரும் என்று. ஜனவரியில் கோல்கீப்பரின் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: 'அப்பா வரவில்லை. அவனாக வரும்வரை கூப்பிடாதே. வந்தால் எதுவும் கேட்காமல் கிளவுஸைக் கொடு.'

மார்ச்சில் வந்தான். நான் இருக்கும்போதே வந்தான். வராமல் இருந்திருந்தால் அந்த வரி அடுத்த கோச்சிடம் போயிருக்கும்.

9 செப்டம்பர்

மத்திய ஆசியாவின் சி.ஏ.எஃப்.ஏ. நேஷன்ஸ் கோப்பையில் நேற்று ஓமனைப் பெனால்டியில் ஜெயித்து இந்தியாவுக்கு மூன்றாவது இடம். ஜமீலுக்குக் கிடைத்தது சில நாள் கேம்ப்தான். தம்பி, "சரி, இந்த ஆளைக் கொஞ்சம் நம்புறேன்" என்று எழுதியிருக்கிறார். சந்தோஷம். ஒரு மெடலுக்காக நம்ப வேண்டாம்.

15 அக்டோபர்

நேற்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2. முதல் கோல் நாம் போட்டும் தோற்றோம். 2027 ஆசியக் கோப்பை நமக்கு இல்லை. ராத்திரி முதல் இங்கே எல்லோரும் ஜமீலை அனுப்பச் சொல்கிறார்கள். ஆகஸ்டில் கொண்டாடிய அதே பெயர்கள். இந்த அணி இரண்டரை மாதத்தில் கெட்டதில்லை, மார்ச்சில் ஷில்லாங்கில் பங்களாதேஷோடு 0-0 ஆடியபோதே பாதிக் கிணறு வற்றிவிட்டது. அனுப்பினால் அடுத்து வருகிறவர் மறுபடியும் "நீ எந்த பொசிஷன்" என்று தொடங்குவார். தம்பி, இதில் நீங்களும் நானும் ஒரே பக்கம் நிற்கிறோம்.

19 அக்டோபர்

எனக்கும் சொல்லிவிட்டார்கள். மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம். இந்த மாதத்தோடு போதும் என்றார்கள். மார்ச் வரை என்றுதான் பேச்சு, எழுத்தில் ஒன்றும் இல்லை. பள்ளியின் பெயர் வேண்டாம், அவர்கள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். பன்னிரண்டாவது இடம் இன்னும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வரை 26 பக்கம் எழுத வேண்டும். டேப்போடு போனால் பையன்களுக்கு இப்போது விஷயம் தெரிந்துவிடுகிறது. வரிசையில் நின்ற ஒருவன் அளக்கும் முன்பே கேட்டான்: "சார், போறீங்களா?"

ஆமாம் என்றேன். பொங்கலுக்கு வருகிறேன் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

2 நவம்பர்

புது கோச் நேற்று ராத்திரி கூப்பிட்டார். சின்ன வயசு, குரலில் தெரிந்தது. நோட்டை இரண்டு தடவை வாசித்துவிட்டாராம்.

"அண்ணே, பதினேழாம் பக்கத்துல 'செவ்வாய்க்கிழமை இவனை ஓடவிடாதே'ன்னு எழுதியிருக்கீங்க. ஏன் செவ்வாய்?"

அவன் வீட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. அப்பாவுக்கு இடுப்பு வலி வந்ததிலிருந்து வாரத்தில் ஒரு நாள், செவ்வாய், பையன்தான் விடிகாலை மூன்று மணிக்கு நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு போவான். பள்ளிக்கு வந்து மேசையில் தலை வைத்துத் தூங்குவான். சாயங்காலம் அவன் கால் இழுப்பதைப் பார்த்து முதலில் நானும் சோம்பேறி என்றுதான் நினைத்தேன். இதையெல்லாம் சொன்னேன். மறுபக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"மழை பெஞ்சா வெட்டு கிடையாதே அண்ணே. மழை பெஞ்ச செவ்வாய்னா ஓடவிடலாமா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. ஓடவிடலாம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.